யோகராணி பார்த்த புத்தகப் பொருத்தம்

மெல்பேர்னில் பாலக்லாவா என்ற பகுதியில், டிராம் போகிற தெருவில், மிஸ்டர் லான்டாவ் என்ற போலந்துக்காரர் யூதர்களுக்கென்று ஒரு புத்தகக் கடை வைத்திருந்தார். பிரார்த்தனை நூல், சட்ட நூல், சட்டத்துக்கு உரை, உரைக்கு ஓர் உரை, அந்த இரண்டு உரைகாரர்களுக்கும் புத்தி போதாது என்று மூன்றாமவர் எழுதிய மறுப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் எந்தப் புத்தகம் யாருக்கு என்று தீர்மானித்தது லான்டாவ் அல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்த சைவப் பெண்மணி யோகராணி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவளிடம் புத்தகம் வாங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.

எழுபத்து நான்கில் அவள் கணவர் தேவராஜாவுக்கு ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலை. யோகராணி ஊரில் பெண்கள் பள்ளிக்கூட நூலகத்தைக் கட்டி ஆண்டவள். இங்கே வந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில், சமையலறை டப்பாக்களுக்கே எண் ஒட்டி, உப்பு எடுக்க வந்த கணவரிடம் கையெழுத்துக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டாள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி லான்டாவின் கடைக்குள் நுழைந்தாள். அவளுடைய குடை தட்டி இரண்டு புத்தகங்கள் கீழே விழுந்தன. ஒன்றை லான்டாவ் பதறி எடுத்து முத்தமிட்டார். மற்றதை யோகராணி பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேலை வேண்டுமா?" என்றார் லான்டாவ்.

"இருக்கிறதுக்குக் கதிரை தருவீங்களோ?" என்றாள் யோகராணி.

பேசியது ஆங்கிலம்தான். ஆனால் யோகராணி எந்த மொழியில் பேசினாலும் அது மானிப்பாய்த் தமிழாகவே காதில் விழும். அப்படியே எழுதுகிறேன். கதிரை என்றால் நாற்காலி, மனிசி என்றால் மனைவி.

வாடிக்கையாளர்கள் அவளை மிஸஸ் யோகா என்று அழைத்தார்கள். அந்த நாளில் ஊர் முழுக்க யோகாசனப் பைத்தியம் பிடித்திருந்தது. பல் வைத்தியர் ஒருவரின் மனைவி, தலைகீழாக நிற்கச் சொல்லித் தருவாளா என்று கேட்டாள். "காலால நிக்கிறதுக்கே நான் மிஸ்டர் லான்டாவிட்டக் கதிரை வாங்கினனான்" என்று யோகராணி அவளை அனுப்பிவைத்தாள்.

முதல் ஆறு மாதம் அவள் ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் படித்தாள். எபிரேயத்தில் இருந்ததை லான்டாவிடம் கேட்டுக் கேட்டு அவர் தொண்டையைக் கட்ட வைத்தாள். முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் கலியாணத் தரகர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முழுக்கப் புரிந்துகொண்டா பொருத்தம் பார்க்கிறார்? அந்த முறையைத்தான் அவள் கையாண்டாள். யாராவது வந்து, "சாப்பாட்டு விதிகளைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் வேண்டும்" என்றால், உடனே அலமாரிப் பக்கம் போக மாட்டாள். வந்தவரை உட்கார வைப்பாள்.

"தகப்பனார் என்ன செய்தவர்?"

"தையல்காரர்."

"பொறுமையான மனுசனோ?"

"அப்படிச் சொல்ல முடியாது."

"மனிசி படிப்பாவோ, இல்லாட்டி நீங்கள் படிச்சுச் சொல்லோணுமோ?"

கேள்வி முடிந்த பிறகு கண்ணை மூடி யோசித்து, "உங்களுக்குப் பெரிய புத்தகம் பொருந்தாது. காரணம் கேட்காத சின்னப் புத்தகம் ஒண்டு இருக்கு. அதைக் கொண்டுபோங்கோ. மனிசிக்கு இந்தப் பெரியது. அவ உங்களுக்குக் காரணம் சொல்லுவா" என்பாள். ஒன்று வாங்க வந்தவர் இரண்டு வாங்கிப் போவார். லான்டாவ் கல்லாவுக்குப் பின்னால் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

மறைஞான நூல்களை நாற்பது வயதுக்கு முன்னால் படிக்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு என லான்டாவ் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மதுக்கடைக்காரன் வயது கேட்பதுபோல் யோகராணி அந்த அலமாரிக்கு முன் நின்றுகொண்டு கார் லைசென்ஸ் கேட்கத் தொடங்கினாள். பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக் கொடுக்கிற, மார்பு வரை தாடி வைத்த ஒருவருக்கு வயது முப்பத்தெட்டு. கெஞ்சிப் பார்த்தார்.

"இரண்டு வருசம் பொறுத்து வாரும் தம்பி. அதுக்குள்ள கலியாணத்தைக் கட்டும்" என்று, வீட்டுச் சமையலறையைச் சட்டப்படி வைத்துக்கொள்ளும் விதிகள் அடங்கிய புத்தகத்தை அவர் கையில் திணித்தாள். "குசினிக்குள்ள கடவுளைக் காணாதவர் மேலோகத்தில எங்க போய்த் தேடப்போறீர்?"

அவர் கலியாணம் கட்டினார். பிறகு மறைஞானத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று கேள்வி.

இதையெல்லாம்விடப் பெரிய கைவேலை ஸ்பீகல் சகோதரர்கள் விஷயம். அப்பா விட்டுப்போன ஒரு வெண்கலப் பொம்மையால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. அது சீனத்துச் சாமி. வேறு யாரோ கும்பிட்ட சிலையை யூதன் விற்கலாமா கூடாதா என்பது வழக்கு. அண்ணன் கூடாது என்றார். தம்பி விற்றே தீருவேன் என்றார். இரண்டு பேரும் தனித்தனியே வந்து ஒரே புத்தகத்தைக் கேட்டார்கள். அன்னிய வழிபாட்டுப் பொருள்கள் பற்றிய சட்டத்துக்கு இரண்டு பாகங்களில் ஒரு விரிவுரை. கடையில் இருந்ததோ ஒரே பிரதி. யோகராணி முதல் பாகத்தை அண்ணனுக்கும் இரண்டாம் பாகத்தைத் தம்பிக்கும் விற்றுவிட்டாள்.

லான்டாவ் தலையில் கை வைத்தார். "தொகுதியைப் பிரித்து விற்பார்களா, மிஸஸ் யோகா?"

"பிரிஞ்சிருக்கிறது அவையள். புத்தகம் அவையளைச் சேர்க்கும், இருந்து பாருங்கோ."

வருடம் ஒன்றாகியும் சேரவில்லை. அவரவர் பாகத்தைப் படித்து அவரவர் கட்சியில் இன்னும் உறுதியாக நின்றார்கள்.

இப்படிக் கெட்டிக்காரியாக இருந்த யோகராணிக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்தக் காலத்து மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரே வீட்டு வரவேற்பறையில் அடைத்துவிடலாம். அப்படி அடைபடும் ஒவ்வொரு தடவையும், டாக்டர் வெங்கட்ராமனின் மனைவி பத்மா தன் புது வீட்டைப் பற்றியும், அந்த வீட்டின் வண்ணத் தொலைக்காட்சியைப் பற்றியும், அது இல்லாதவர்கள் எப்படித்தான் பொழுது போக்குகிறார்களோ என்பதைப் பற்றியும் பேசுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த யோகராணி ஒருநாள், "எனக்கு ரீவி பாக்க எங்க நேரம் பத்மா? கடை இருக்கெல்லோ" என்றாள்.

"கடையில வேலைதானே பாக்கறே?"

"வேலையோ! பங்கு. அரைக்கு அரை."

வாயிலிருந்து விழுந்த சொல்லை எடுத்து முத்தமிட்டாலும் கண்ணில் ஒற்றினாலும் பழைய இடத்தில் வைக்க முடியாது. அடுத்த ஞாயிறுக்குள் அரைப் பங்கு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் செய்தி சிட்னிக்குப் போய்த் திரும்பி வந்தபோது முக்கால் பங்காகியிருந்தது. நானே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

எழுபத்தாறாம் வருடம் நவராத்திரி வந்தது. "உன் கடைய ஒருநாள் காட்டேன்" என்று பத்மா விடாமல் பிடித்துக்கொண்டாள். "விஜயதசமிக்கு வாரும். எங்கட கடையில வாணி விழா வைக்கிறன். வந்து கடலை சாப்பிட்டிட்டுப் போம்" என்று யோகராணி சொல்லிவிட்டாள். கணக்கு மிக அழகாகத்தான் இருந்தது. விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை வெயில் இறங்குமுன் லான்டாவ் ஓய்வுநாளுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். கடையைப் பூட்டும் பொறுப்பு அவளுடையது. சனிக்கிழமை கடை மூடியிருக்கும். புத்தகங்களைச் சரஸ்வதி பூசையில் வைத்தால் ஒருநாள் தொடக் கூடாது என்பது நமது வழக்கம். அந்த ஒருநாளை யூதர்களே தந்துவிட்டார்கள். ஞாயிறு காலை முதல் ஆளாக வந்து பத்மாவுக்குக் காட்டிவிட்டு, லான்டாவ் வருமுன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, கடைக்கு நடுவிலிருந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள். பூசைக்குப் புதுப் புத்தகம்தானே விசேஷம்? கப்பல் தாமதமாகி அன்றுதான் வந்து சேர்ந்த பெட்டியைப் பிரித்தாள். யூதர்களின் பாவமன்னிப்பு நாளில் ஓதும் பிரார்த்தனைப் புத்தகங்கள். வடிவாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். எபிரேயப் புத்தகம் வலப் பக்கத்திலிருந்து திறக்கும் என்பது தெரிந்தவள் ஆதலால், பின்னட்டையில் தவறிப் பொட்டு வைக்காமல் சரியான முன்னட்டையிலேயே வைத்தாள். பக்கத்து வீட்டு வேலியில் பறித்த பூவைச் சாத்தினாள். அவித்த கடலையை மூடி வைத்தாள். விழுந்து கும்பிட்டுவிட்டுப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை டிராம் வரவில்லை.

பட்டினி நோன்போடு கூடிய பாவமன்னிப்பு நாள் அன்று மாலையே தொடங்குகிறது. அதற்கு முந்திய பகலில் பாதிச் சனத்துக்குத் தன் பிரார்த்தனைப் புத்தகம் எங்கே போயிற்று என்ற நினைவு வரும். அதனால் லான்டாவ் வழக்கத்துக்கு முன்பாகவே கடையைத் திறந்துவிட்டார். யோகராணி மூச்சிரைக்க ஓடி வந்தபோது வாசல் வரை வரிசை. உள்ளே மேசைக்கு முன்னால் லான்டாவ் சிலையாக நின்றார். பக்கத்தில், தன் பிரார்த்தனைக் கூடத்துக்காக அந்தப் பெட்டியை எடுத்துப் போக வந்த மதகுரு, ராபை பொலாக். தாடியைக் கையில் பிடித்தபடி சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தில் சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"மிஸஸ் யோகா, இது அலங்காரம்தானே?" என்று லான்டாவ் ஈனக் குரலில் கேட்டார். ஆமாம் என்று சொல் என்று கண்ணால் கெஞ்சினார்.

சரஸ்வதி விஷயத்தில் பொய் சொல்ல யோகராணிக்கு நாக்கு வரவில்லை. "பூசை" என்றாள்.

"வணங்கினீர்களா?" என்றார் ராபை.

"வணங்காமல்? சும்மா பொட்டு வைக்க இது என்ன கைக்குழந்தையோ?"

"யாரை வணங்கினீர்கள்? இந்தப் புத்தகங்களையா?"

"படிப்புக்கு உரிய தெய்வத்தை. புத்தகம்தான் அவ."

லான்டாவ் அருகிலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அது யோகராணியின் கதிரை.

"ஐயா, புத்தகம் விழுந்தால் நீங்களும் கொஞ்சுறனீங்கள் தானே?"

"முத்தமிடுவது வேறு, கும்பிடுவது வேறு, அம்மா."

"எங்கட ஊரில இரண்டும் ஒண்டுதான்."

அவள் வாயைத் திறக்கத் திறக்க வழக்கு மோசமாகிக்கொண்டே போயிற்று. வரிசையில் நின்ற ஒருவர், "ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கொடுங்களேன்" என்றார்.

"சந்தனம் துடைபடும்" என்றார் ராபை. "கும்பிட்டதை எந்தத் துணியால் துடைப்பது? வேறொரு தெய்வத்துக்கு வைத்து வணங்கிய பொருளானால் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, ஒரு பயனும் அதிலிருந்து பெறக் கூடாது. நான் நூலைப் பார்க்க வேண்டும். விரிவுரை இருக்கிறதா?"

இந்த நேரத்தில்தான் பத்மாவும், அவளோடு காரில் தொற்றிக்கொண்டு வந்த நானும் உள்ளே நுழைந்தோம். வெங்கட்ராமன் காரில் இருந்துகொண்டார். பத்மா விஜயதசமிப் பட்டுச் சேலையில் இருந்தாள். கூட்டத்தைப் பார்த்து, "அடேயப்பா, பூஜைக்கு இவ்வளவு பேரா!" என்று அசந்துபோனாள்.

யோகராணி ராபையைத்தான் பார்த்தாள். தனக்கு எதிரான தீர்ப்பு என்றாலும் பொருத்தம் பார்க்காமல் புத்தகம் சொல்ல அவளால் முடியாது. "உங்களுக்கு இப்ப நேரமில்லை, பட்டினிக்கு முன்னம் முடிக்கோணும். இரண்டு பாக விரிவுரைதான் சரி, கேள்வி ஒரு பாகம், மறுமொழி ஒரு பாகம்" என்றவள், அலமாரியைத் திரும்பிப் பார்த்து, "ஆனால் அது கடையில இல்லை" என்றாள்.

வரிசையின் தலையில் பெரிய ஸ்பீகல் நெளிந்தார். வாலில் சின்ன ஸ்பீகல் நெளிந்தார். இருவர் வீடும் அடுத்தடுத்த தெருவில்தான். இரண்டு பேரும் இரண்டு திசையில் ஓடிப் புத்தகத்தோடு வந்தார்கள்.

ராபை முதல் பாகத்தைப் புரட்டிப் படித்தார். அவர் முகம் நீண்டது. வணங்கப்பட்ட பொருள் விலக்கப்பட்டது, முடிந்தது. லான்டாவ் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெட்டி போனால் அன்று மாலை ஒரு பிரார்த்தனைக் கூடமே வெறும் கையோடு நிற்கும். அப்புறம் யார் அவர் கடைக்கு வருவார்கள்?

"ஆனால், என்று முடிகிறது" என்றார் ராபை. "மிச்சம் இரண்டாம் பாகத்தில்."

பெரிய ஸ்பீகல் தம்பியின் பக்கம் பார்க்காமல், "திற" என்றார். ஒரு வருடத்துக்கு மேலாகி வந்த முதல் சொல்.

"தயவுசெய்து என்று சொல்லச் சொல்லுங்கள்" என்றார் சின்ன ஸ்பீகல், கூரையைப் பார்த்து.

"சொல்லித் தொலை ஐயா, சூரியன் காத்திருக்காது!" என்று வரிசை முழுக்கக் கத்தியது.

சொன்னார். தம்பி திறந்தார். இருவரும் தோளோடு தோள் உரச நின்று பிடித்துக்கொள்ள, ராபை படித்தார். அவர் புருவம் மெதுவாக மேலே ஏறியது. "தன்னுடையது அல்லாத பொருளை ஒருவர் விலக்கப்பட்டதாக்கிவிட முடியாது. மாற்றுக் கருத்தும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்றைய அவசரத்துக்கு நான் இதை எடுத்துக்கொள்கிறேன். லான்டாவ், புத்தகங்கள் யாருடையவை?"

"என்னுடையவை! எல்லாம் என்னுடையவை!" என்று லான்டாவ் எழுந்து நின்றார்.

பத்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் பெண் ஒருத்தியை இப்படியா ஏமாற்றுவது? கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். "எக்ஸ்கியூஸ் மீ! இவ இந்தக் கடையில பார்ட்னர். பாதி இவளோடது. எங்க எல்லாருக்கும் தெரியும். யோகா, வாயத் தொறந்து சொல்லேண்டி!"

ராபை புத்தகத்தை மூடினார். "பாதி இவருடையது என்றால், பாதி விலக்கு. எந்தப் பாதி என்று பிரிக்க முடியாததால், எல்லாமே."

லான்டாவ் யோகராணியைப் பார்த்தார். வரிசை யோகராணியைப் பார்த்தது. பத்மா, வைர மூக்குத்தி மின்ன, யோகராணியைப் பார்த்தாள். ஒரு பக்கம் லான்டாவின் கடை. மற்றப் பக்கம், மெல்பேர்னின் அத்தனை தமிழ் வரவேற்பறைகளிலும் இனி அவள் தலை நிமிர்ந்து உட்கார முடியுமா என்ற கேள்வி. அவள் என் பக்கம் ஒரு பார்வை விட்டாள். எனக்குச் சட்டென்று வெளியே டிராம் பார்க்க வேண்டியிருந்தது.

யோகராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"பங்கில்லை" என்றாள்.

"சத்தமாக" என்றார் ராபை.

"எனக்கு இந்தக் கடையில பங்கில்லை! பாதியுமில்லை, காலுமில்லை. நான் சம்பளத்துக்கு நிக்கிறனான். அந்த அலுமாரி என்ர இல்லை. இந்த மேசை என்ர இல்லை. அந்தச் சுவரில அடிச்சிருக்கிற ஆணியும் என்ர இல்லை. நான் சும்மா புளுகினது. ரீவி இல்லாத குறைக்குப் புளுகினது. போதுமோ?"

"போதும்" என்றார் ராபை. அவர் தாடிக்குள் ஏதோ அசைந்தது. "ஆணி வரைக்கும் நான் கேட்கவில்லை. புத்தகங்களைக் கொடுக்கலாம். பொட்டை மட்டும் துடைத்துவிடுங்கள்."

பிறகு நடந்தது போர்க்கால வேகம். லான்டாவ் துடைக்க, ஸ்பீகல் அண்ணன் அடுக்க, தம்பி கட்ட, பெட்டி போனது. வரிசையும் கரைந்தது. அந்த வருடம் பாலக்லாவாவில் பாவமன்னிப்புக் கேட்டவர்கள் பாதிப் பேர் சந்தன வாசத்தோடுதான் கேட்டார்கள் என்பது என் கணிப்பு. கடைசியாக ராபை மேசையில் மிஞ்சிய மூடிய பாத்திரத்தைக் காட்டினார்.

"இது?"

"கடலை. படைச்சது. நான் வாங்கி, நான் அவிச்சது."

"அப்படியானால் இது சந்தேகமில்லாமல் உங்களுடையது" என்று ராபை இரண்டடி பின்வாங்கினார். "எங்களில் யாரும் தொடக் கூடாது. இன்று இரவும் நாளைப் பகலும் பட்டினி கிடக்கப் போகிறவர்கள் முன்னால் வைக்கவும் கூடாது."

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யோகராணி வெளியே போய்க் கடைப்படியில் உட்கார்ந்தாள். நான் டிராமைப் பார்த்து முடித்துவிட்டு ஒரு பக்கம் உட்கார்ந்தேன். பத்மா நின்றுகொண்டே இருந்தாள். பட்டுச் சேலை கசங்கும் என்பது ஒரு காரணம். மற்றது, இப்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அப்போ பங்கு கெடையாது" என்றாள் ஒருவழியாக.

"கிடையாது."

"ஒரு ஆணிகூட."

"ஆணிகூட."

பத்மா சேலையைச் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எங்காத்து டிவி வாடகைதான்டி. மாசாமாசம் வந்து கட்டணத்த வாங்கிண்டு போறான். சுண்டல எடு."

"கடலை" என்றாள் யோகராணி. "இது முழுக்க என்ர. எவ்வளவு வேணுமோ சாப்பிடும்."

சில வருடம் கழித்து லான்டாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உண்மையாகவே அரைப் பங்கு தருகிறேன், எடுத்துக்கொள் என்று யோகராணியிடம் சொன்னார். அவள் சிரித்து மறுத்துவிட்டாள்.

"வேண்டாம், மிஸ்டர் லான்டாவ். எனக்குப் பங்கு இருந்தால், நான் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டாலே உங்கட கடை முழுக்கக் கெட்டுப்போகும். கதிரையை மட்டும் புதுசாய் வாங்கித் தாங்கோ."

அதற்குப் பிறகும் எங்கள் வரவேற்பறைக் கூட்டங்களில் அவள் பெருமையடிக்காமல் இருந்ததில்லை. "பாலக்லாவாவில ஒரு புத்தகக் கடை இருக்கு. அதில ஒரு ஆணியும் என்ர இல்லை" என்று ஆரம்பிப்பாள். அதைச் சொல்கிற தோரணையில் கேட்பவர்களுக்குப் பொறாமை வரும்.